தோட்டப் பாடசாலையில் குளிர்காலச் செய்தியும் மாணவத் தலைவர்களும்

நுவரெலியா மாவட்டத்தில் தரம் 1 முதல் 5 வரை மட்டும் உள்ள ஒரு சிறிய தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அண்மையில் நியமனம் பெற்று வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் மாணவத் தலைவர்களைத் தெரிவுசெய்து சின்னம் சூட்டும் பொறுப்பையும், குளிர்காலச் செய்திகளைக் கொண்ட ஒரு சுவர்ப் பத்திரிகையை வெளியிடும் பொறுப்பையும் அதிபர் உங்கள் தலையிலேயே வைத்துவிட்டார். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தலைமைத்துவம் என்பது சட்டையில் குத்தும் சின்னத்துக்கு மேல் ஏதாவது ஆகுமா என்றும், பத்திரிகையை அவர்களிடம் கொடுத்தால் கடைசியில் இரவிரவாக இருந்து நீங்களே எழுதி முடிக்க வேண்டி வராதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும், இந்த வயதுப் பிள்ளையிடம் உண்மையான வேலை எதையாவது நம்பிக் கொடுக்கலாமா என்பதே நீங்கள் கேட்பது என்று விளங்கிக்கொள்கிறேன். கொடுக்கலாம் என்பது என் பதில். உங்களிடம் தந்த இரண்டு வேலைகளையும் ஒரே வேலையாக்கினால் இரண்டும் இலகுவாகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். செய்தி திரட்டுவதையும் அதைச் சரிபார்ப்பதையும் மாணவத் தலைவரின் முதற் கடமையாக்குங்கள். மற்றக் கடமைகளை அதன் பின்னால் வையுங்கள்.

நான் பேசுவது முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆரம்பப் பிரிவு அனுபவத்திலிருந்து. அதில் பிற்பகுதி ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கிய காலம். அவை அனேகமாக நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் குறைவான தோட்டப் பாடசாலைகள். ஒரு தரத்தில் நாற்பது பேர் இருக்கும் நகரப் பாடசாலைக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று உறுதி தரமாட்டேன். அங்கே பிள்ளைகள் ஒருவர் வீட்டை ஒருவர் அறியமாட்டார்கள். இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பதுதான் வசதியும் சிக்கலும்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், மாணவத் தலைவர் என்றால் வாசலில் கொப்பியோடு நின்று பிந்தி வருபவர்களின் பெயரை எழுதுபவர் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஒரு ஜனவரி மாதக் காலையில், மூடுபனி இன்னும் விளையாட்டுத் திடலை விட்டு எழும்பாத நேரம், தரம் 5 சிறுமி ஒருத்தி அந்தக் கொப்பியோடு வாசலில் நின்றாள். தரம் 2 பையன் ஒருவன் சப்பாத்து முழுவதும் நனைந்து, ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று சத்தம் கேட்க ஓடி வந்தான். அவள் அவன் பெயரை எழுதினாள். எழுதும்போது அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே லயத்தில் (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில்) அடுத்தடுத்த காம்பராவில் இருப்பவர்கள் என்பதும், அவனுடைய தாய் விடியவே பெரட்டுக்கு (வேலை பிரித்துக்கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போய்விடுவதால் தங்கையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு வருவது அவன்தான் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவளுக்கோ முன்னரே தெரியும். தெரிந்ததை மறைத்துவிட்டு எழுதும் வேலையைத்தான் நான் அவளுக்குப் பழக்கியிருந்தேன்.

தோட்டத்துப் பிள்ளைகள் அதிகாரம் என்றால் என்னவென்று பாடசாலைக்கு வருமுன்பே கண்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று மலையில் நின்று வேலையை மேற்பார்த்துப் பெயர் போடும் கங்காணி. மற்றையது தோட்டத்துத் தலைவர், அதாவது தொழிற்சங்கக் கமிட்டித் தலைவர். முன்னவர் மேலிடத்துச் சொல்லைக் கீழே கொண்டுவருபவர். பின்னவர், அப்படி நடந்துகொள்ளும்போது, கீழே உள்ளவர்களின் குறையை மேலே கொண்டுபோகிறவர். சின்னத்தையும் கொப்பியையும் கொடுத்து வாசலில் நிறுத்தினால் பிள்ளை கங்காணியாகத்தான் மாறும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கண்டதைச் செய்கிறது. லயத்து முற்றத்தில் சிறுவர்கள் கம்பு பிடித்துக் 'கங்காணி விளையாட்டு' விளையாடுவதை ஒருமுறை நின்று பார்த்தீர்களானால் நான் சொல்வது விளங்கும். ஆகவே, செய்தியைக் கீழிருந்து மேலே கொண்டுவரும் வேலையைக் கொடுத்தால் மட்டுமே மற்ற உருவத்துக்கு இடம் கிடைக்கிறது.

இதில் விவாதத்துக்கு இடமில்லாத சில உண்டு. மாணவத் தலைவர் எவரையும் தண்டிக்கக் கூடாது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005/17 இலக்கச் சுற்றுநிருபத்தில் ஆசிரியருக்கே சொல்லியிருக்கும்போது, ஆசிரியர் செய்யக் கூடாததைப் பிள்ளையின் கையால் செய்விப்பது இன்னும் மோசம். முழங்காலில் நிறுத்துவதும், வெயிலிலோ பனியிலோ நிறுத்தி வைப்பதும் இதில் அடங்கும் என்றே நான் கொள்கிறேன். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, பிள்ளை தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லவும் அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புப் பெறவும் உரிமை தருகிறது. 13 ஆம் உறுப்புரை தகவலைத் தேடவும் பெறவும் பகிரவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. சுவர்ப் பத்திரிகை என்பது இந்த இரண்டையும் டிமை தாளில் (பெரிய தாளில்) எழுதி ஒட்டுவதுதான். அதிபரிடம் அனுமதி கேட்கும்போது இதையும் ஒரு வரியாகச் சொல்லி வையுங்கள். அலுவலகத்தில் கோப்புக்கு உதவும்.

இனி, குளிர்காலம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்ப்போம். பாடப்புத்தகத்தில் வரும் வெண்பனி மனிதனையும் கம்பளித் தொப்பியையும் வரைந்து ஒட்டுவதுதான் குளிர்காலப் பத்திரிகை என்று சில பாடசாலைகள் நினைத்துவிடுகின்றன. நமது தீவு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு அந்தக் குளிர்காலம் இல்லை. நமக்கு உள்ளது, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான காலத்தில் உயரமான இடங்களில் வரும் குளிர். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். ஆனால் ஒரே மாதத்தில் மலையகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. பசறை, பதுளைப் பக்கத்துச் சரிவுகளில் இந்தப் பருவக்காற்று மழையைக் கொட்டும்போது, மலையைத் தாண்டி வரும் காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கு வறண்டு வருகிறது. அந்தப் பக்கத்துக்குப் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்தில்தான். அதே பக்கத்தில் உள்ள திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல மணம் கூடுவதும் இந்த வறட்சியாலும் குளிராலுமே. ஆகவே உங்கள் பத்திரிகையின் முதற் செய்தி, 'எங்கள் மலை எந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறது, இங்கே இப்போது மழையா, வெயிலா' என்பதாக இருக்கட்டும். மஸ்கெலியாப் பக்கமென்றால் டிசம்பர் போயாவோடு (முழுநிலா நாளோடு) தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் பிள்ளைகளுக்குச் செய்திதான். நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களை எண்ணுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

இந்தப் பருவத்தில் பிள்ளைகள் கொண்டுவரும் செய்திகளில் மிகச் சிறந்தது உறைபனி. பத்திரிகைகள் அதைத் 'துகள் உறைபனி' என்கின்றன. பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியில், நுவரெலியா, அம்பேவளை, கந்தப்பளை போன்ற உயரப் பகுதிகளில், விடியற்காலையில் புல்லும் தேயிலையும் உப்புத் தூவியது போல் வெளுத்திருக்கும். ஒருமுறை தரம் 4 பையன் ஒருவன் உள்ளங்கையைக் குவித்தபடி வகுப்புக்குள் வந்து, "சேர், எங்க லயத்துக்குக் கீழ ஐஸ் வுழுந்திருக்கு" என்று கையை விரித்தான். கையில் தண்ணீர்தான் இருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள், அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரத் தலைவியாக இருந்த சிறுமி மட்டும் சிரிக்காமல், "வுழுந்ததைப் பாத்தியா, கெடந்ததைப் பாத்தியா?" என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "கெடந்ததைத்தான்" என்றான். அறிவியல் முறைப்படி கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. உறைபனி மேலிருந்து விழுவதில்லை. முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் சூட்டைத் தடையின்றி வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே இலையின் மேற்பரப்பு பூச்சியப் பாகைக்குக் கீழே போகும்போது காற்றிலுள்ள நீராவி இலையிலேயே பனிக்கட்டித் துகளாகப் படிகிறது. பள்ளத்து மட்டத்துத் தேயிலை கருகிப்போயிருக்க மேட்டு மட்டம் பச்சையாக நிற்பதன் காரணமும், முகில் மூடிய இரவுக்குப் பின் உறைபனி இல்லாததன் காரணமும் இதுவே. வானிலை அவதானிப்பு நிலையத்தில் வெப்பமானி நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் உயரத்தில் நிழற்பெட்டிக்குள் இருப்பதால், அங்கே மூன்று நான்கு பாகை காட்டும் காலையிலும் நிலத்தில் உறைபனி இருக்கலாம். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்தால் வானொலிச் செய்தி பொய் என்று சொல்லக் கூடும். இரண்டும் மெய், அளந்த இடம்தான் வேறு என்று காட்டுங்கள். பாடசாலையில் ஒரு மலிவான வெப்பமானி இருந்தால், தகரக் கூரைக்கும் சுவருக்கும் ஒட்டாமல் நிழலில் தொங்கவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் தலைவர் வாசித்து எழுதட்டும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடவேளைக்கு அது தானாகவே பொருந்தும்.

அந்தச் சிறுமி கேட்ட கேள்வியிலிருந்துதான் பின்னர் எல்லாப் பாடசாலைகளுக்கும் நான் கொண்டுபோன ஒரேயொரு விதி பிறந்தது. நமது மொழியிலேயே அதற்கு ஏற்பாடு இருக்கிறது. 'மழை பெய்தது' என்றால் சொல்பவர் கண்டது. 'மழை பெய்ததாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டது. அந்த 'ஆம்' என்ற ஒட்டை ஐந்து வயதுப் பிள்ளையும் பிழையின்றிப் பயன்படுத்தும். எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆகவே தலைவரின் வேலை இதுதான்: ஒவ்வொரு செய்தியையும் கொண்டுவருபவரிடம் 'கண்டதா, கேட்டதா' என்று கேட்பது, கேட்டதானால் 'ஆம்' போட்டு எழுதுவது, யார் சொன்னது என்று பக்கத்தில் குறிப்பது, முடிந்தால் கண்டவரைத் தேடிப் பிடித்து 'ஆம்' ஐ வெட்டுவது. ஒரு செய்தியிலிருந்து அந்த ஒட்டு வெட்டப்படும்போது பிள்ளைகளுக்கு வருகிற சந்தோஷம் சொல்லி முடியாது. ஒரு பாடசாலையில் சிவப்புப் பேனையால் வெட்டுவதென்றே வைத்திருந்தார்கள். பெரியவர்களின் செய்தித்தாள்களிலும் இந்தப் பழக்கம் இருந்தால் நன்றாயிருக்கும்; அது வேறு கதை.

விதியின் பயனை நான் நேரில் கண்டது ஒரு மழைக்காலை. வடகீழ்ப் பருவ மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எட்டரை மணிபோல் "மேல் டிவிஷன்ல மலை சரிஞ்சிருச்சாம்" என்று (டிவிஷன் என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு) ஒரு பேச்சுப் பரவி, கொழுந்துக் கூடையோடு தாய்மார் ஓடி வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் மறந்தவர் இல்லை. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் உயிர் தப்பித் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் அந்த அச்சத்தை இன்னொரு தலைமுறைக்கும் கொடுத்துவிட்டன. நான் சொல்லும் காலையில் இரண்டு தலைவர்கள் தாமாகவே அதிபரிடம் போய், "இது கேட்ட செய்தி சேர், கண்டவுங்க யாருன்னு தெரியல, டிவிஷனுக்குக் கோல் எடுத்துக் கேளுங்க" என்றார்கள். அதிபர் கேட்டார். சரிந்தது பாதையோரத்து மண் மேடு. ஆட்களுக்கு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் பெரிய வீரச் செயல் எதையும் செய்துவிடவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

ஆனால் இங்கே ஓர் எல்லையைக் கண்டிப்பாகப் போட வேண்டும். மண்சரிவு பற்றிய முடிவு பிள்ளையின் வேலை அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கையை மூன்று நிலையாக வெளியிடுகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாயிருத்தல், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாயிருத்தல், சிவப்பு என்றால் வெளியேறுதல். காலைக் கூட்டத்தில் தலைவர் செய்யக்கூடியது, அந்த நிறத்தையும், அது எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு, எந்த நேரம் வரை என்பதையும் உள்ளபடி வாசிப்பது மட்டும். சொந்த விளக்கம் சேர்க்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பத்திரிகையின் ஒரு மூலையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது, மண்மேட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவர எந்தக் காரணம் கொண்டும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். செய்தி ஆர்வம் பிடித்துவிட்டால் அவர்கள் தாமாகவே போகக் கூடும் என்பதால், 'போய்ப் பார்த்த செய்தி மழைநாளில் ஏற்கப்படாது' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றை வழியில் தற்செயலாகக் கண்டால் ஆசிரியரிடம் சொல்வது வேறு. அது எந்தப் பிள்ளையும் செய்ய வேண்டியது.

எதைப் போடக் கூடாது என்பதில் இரண்டு தெளிவானவை. குளிர் தொடங்கியதும் பாதி வகுப்புக்கு இருமல் வரும், சிலருக்கு வீசிங் வரும்; 'இந்த வாரம் இத்தனை பேருக்குத் தடிமன்' என்று எண்ணிக்கை போடலாம், பெயர் போடக் கூடாது. வீட்டுச் சண்டை, தகப்பனின் குடி, கடன் ஆகியவை சுவருக்கு வரவே கூடாது. அப்படி ஒன்றைப் பிள்ளை எழுதிக் கொண்டுவந்தால் அதை வாங்கி வைத்துக்கொண்டு தனியே பேசுங்கள், தேவையானால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டியது உங்கள் கடமை. இவற்றுக்கு இடையில் உள்ளதுதான் கடினம். ஒரு பெப்ரவரியில், வெயிலும் பனியுமாகக் கொழுந்து குறைந்திருந்த நேரம், தரம் 5 சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள்: 'நேற்று எங்கள் அம்மாவுக்கு அரைப் பேர் போட்டார்கள். கொழுந்து இல்லாதது அம்மாவின் பிழையா?' நாளைக்குரிய நிறை எடுக்க முடியாதவருக்குப் பாதிச் சம்பளம் எழுதுவதைத்தான் அரைப் பேர் என்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பருவத்தில் அதைவிட உண்மையான செய்தி வேறில்லை. நான் ஒட்டவிட்டேன். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பாடசாலையில் அரசியல் செய்கிறீர்களா என்று கேட்டார். அதைவிட, தன்னுடைய அரைப் பேர் சுவரில் தொங்கியதை அறிந்த தாய் இரண்டு நாள் வெட்கப்பட்டார் என்பது என்னை அதிகம் உறுத்தியது. இன்று அதே செய்தி வந்தால் தாயிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், பெயரின்றிப் போடுவேன். நிர்வாகத்துக்காக நீக்கமாட்டேன். இது என் முடிவு. உங்கள் அதிபர் வேறு மாதிரி நினைத்தால் அவருக்கும் நியாயம் இருக்கலாம்.

மொழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். செய்தியை எழுத்துத் தமிழில் எழுதட்டும். ஆள் பேசியதை மேற்கோளுக்குள் பேசியபடியே விடுங்கள். மட்டம், கொழுந்து, பெரட்டு, காம்பரா ஆகிய சொற்களைத் திருத்தி வேறு சொல் போடாதீர்கள். பிழையென்று வெட்டினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை செய்தியே கொண்டுவராது. தரம் 1, 2 பிள்ளைகள் படம் வரையட்டும், மூத்தவர் கீழே ஒரு வரி எழுதட்டும். நல்ல படச் செய்தி ஒன்று இன்னும் என் நினைவில் இருக்கிறது: ஒரு கால், அதில் மூன்று அட்டைகள், பக்கத்தில் உப்புப் போத்தல்.

தெரிவு முறையில்தான் எனக்கு ஐயம் மிகுதி. புள்ளி அதிகம் எடுப்பவரையே தலைவராக்குவது பிழை என்பதில் ஐயமில்லை. கண்டதை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பிள்ளை பல வேளை வகுப்பில் நடுவில் இருப்பவர்தான். ஆண் பெண் சமமாக இருக்க வேண்டும், பெண்ணுக்குத் துணைத் தலைவர் பதவியை ஒதுக்குவது போதாது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் வாக்கெடுப்பா, ஆசிரியர் நியமனமா என்று கேட்டால், இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இன்னும் தடுமாறுகிறேன். சிறிய தோட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தால் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று வாக்குப் பிரிந்துவிடுகிறது. சில இடங்களில் தொழிற்சங்க நிறமும் உள்ளே வந்துவிட்டது. நியமித்தாலோ, ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளை என்ற பேச்சு வருகிறது. எனக்குக் கொஞ்சம் சரிவந்தது சுழற்சி முறை: ஆறு பேர், ஐந்து வாரம், பிறகு வேறு ஆறு பேர். இதில் ஆண்டு முடிவதற்குள் மூத்த இரண்டு தரங்களிலும் அனேகமாக எல்லோருக்கும் முறை வந்துவிடும். கூச்சமுள்ள பிள்ளைகளில் சிலர் அந்த ஐந்து வாரத்தில் மலர்ந்தார்கள். சிலர் வேண்டாம் என்று கெஞ்சினார்கள், அவர்களை விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகள் பிற்காலத்தில் எப்படி வந்தார்கள் என்று நான் தொடர்ந்து பார்த்ததில்லை. ஆகவே இம்முறை எதிர்காலத் தலைவர்களை உருவாக்கும் என்றெல்லாம் மேடையில் பேசுவதைப் போல உங்களுக்கு எழுத மாட்டேன்.

பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. நமது குளிர்காலம் இரண்டு கல்வியாண்டுகளுக்கு நடுவில் விழுகிறது. டிசம்பரில் தரம் 5 பிள்ளைகள் விடைபெற்றுப் போகிறார்கள். ஜனவரியில் புதியவர்கள் சின்னம் குத்திக்கொண்டு நிற்கிறார்கள், வேலை தெரியாது. உறைபனி வரும் நேரத்தில் அதை எழுதத் தெரிந்தவர்கள் வேறு பாடசாலைக்குப் போயிருப்பார்கள். இதற்காக மூன்றாம் தவணையின் கடைசி வாரங்களிலேயே தரம் 4 பிள்ளைகள் நால்வரைப் பழைய தலைவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள். வெப்பமானியை வாசிக்கப் பழக்குவதும், கண்டதா கேட்டதா என்று கேட்கப் பழக்குவதும் உங்களைவிட அவர்கள் நன்றாகச் செய்வார்கள். இன்னொன்று, தரம் 5 பெற்றோர் புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டி இதை எதிர்ப்பார்கள். அவர்களோடு வாதாடாமல், முதல் தவணைக்குப் பின் பாரத்தைத் தரம் 4 இன் பக்கம் மாற்றிவிடுங்கள். பதினைந்து நாளைக்கு ஓர் இதழ் போதும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு மேல் அதற்கு நேரம் எடுக்காதீர்கள். நீங்களே எழுத வேண்டி வருமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு இதழில் கை துருதுருக்கும். கோணலான எழுத்தைக் கண்டு மீண்டும் எழுதிக் கொடுத்தீர்களானால் மூன்றாம் இதழிலிருந்து முழுவதும் உங்கள் வேலையாகிவிடும்.

சின்னம் சூட்டும் விழாவை எளிமையாக வையுங்கள். ஒரு பாடசாலையில் சின்னம், பட்டி, படம் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் பணம் சேர்த்ததால், பணம் கட்ட முடியாத ஒரு தாய் தன் பிள்ளை தலைவராவதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறு சின்னம் பாடசாலைக்குச் சொந்தமாக இருந்தால் சுழற்சியில் எல்லோரும் அணியலாம். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பத்திரிகையை மட்டும் படமெடுத்து அனுப்பினால் போதும்.

பத்திரிகையை எங்கே ஒட்டுவது என்பதும் சின்ன விடயமல்ல. குளிரிலும் ஈரத்திலும் கோதுமை மாப் பசை மூன்று நாளானாலும் காயாது. தாள் சுருண்டு, ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தடித்த அட்டையில் ஊசி குத்தித் தொங்கவிடுங்கள், சாரல் அடிக்காத பக்கத்தில். மை கசியும் என்பதால் பென்சிலும் மெழுகு வர்ணமுமே இந்தப் பருவத்துக்கு ஏற்றவை. தரம் 1 பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கிக் கட்டுங்கள், பெரியவர்கள் குனிந்து வாசிக்கட்டும். கீழே ஒரு சாண் அளவு வெற்றுத்தாளை விட்டு, அருகில் நூலில் ஒரு பென்சிலைக் கட்டிவிட்டால், 'இது நானும் கண்டேன்' என்றோ 'எங்கள் லயத்தில் இல்லை' என்றோ எழுத ஆள் வரும். பென்சில் காணாமற்போகும், இன்னொன்றை வாங்கிக் கட்டுங்கள்.